மோட்டோகிராஸ் தடத்தில் ஸ்போர்ட் குவாட்: 450 இன்ஜின் இருந்தும் திருப்பத்தில் திணறுவது ஏன்?

#1 வானூர்_செம்மண்

வானூர் பக்கம் செம்மண் மேட்டில் உள்ள பயிற்சித் தடத்தில் இதுவரை 250 சிசி மோட்டோகிராஸ் பைக் மட்டும்தான் ஓடுகிறது. இப்போது இரண்டு குவாட் (பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வருகிறது: ஒன்று யமஹா ஒய்எஃப்இசட்450ஆர், இன்னொன்று ராப்டர் 700. தடம் சுமார் 800 மீட்டர், அகலம் 5 மீட்டர், சில இடத்தில் 4தான். இரண்டு டேபிள்டாப் (உச்சி தட்டையான தாவல் மேடு), ஒரு டபுள் (நடுவே பள்ளம் விட்ட இரட்டை மேடு), எட்டு மேடு வூப்ஸ் (வரிசையாக வரும் சின்ன மேடுகள்), மூன்று முழுத் திருப்பம்.

கேள்விகள்: 450 இன்ஜின் வைத்துக்கொண்டு குவாட் ஏன் திருப்பத்தில் 250 பைக்கிடம் தோற்கிறது? இரண்டு வண்டியில் எது இந்தத் தடத்துக்கு ஆகும்? கையில் இருக்கும் காசை முதலில் சைலன்சரில் போடுவதா, ஷாக்கில் போடுவதா? ரிசார்ட் வாசலில் வாடகைக்கு விடும் 110 சிசி வண்டியோடு ஒப்பிட்டுப் பதில் போட வேண்டாம், ப்ளீஸ்.

#2 கெடிலம்கரை

தம்பி, குற்றம் இன்ஜின் மேல் இல்லை. பின் ஆக்சிலைப் பாருங்கள். ஸ்போர்ட் குவாடில் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) கிடையாது. ஒரே தண்டு, இரண்டு பின்சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும்.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பின் டயரின் நடுக்கோட்டுக்கும் இடையில் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 180 டிகிரி திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 3.14 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். திருப்பம் சின்னதோ பெரியதோ, அந்த 3.14 மாறாது. 18 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு 1.44 மீட்டர் போகும். அப்படியென்றால் இரண்டு சுற்றுக்கு மேல் ஏதோ ஒரு டயர் மண்ணில் வழுக்கித்தான் ஆக வேண்டும். அகலத் திருப்பத்தில் அந்த வழுக்கல் நீளமாகப் பரவிவிடும், கையில் தெரியாது. 4 மீட்டர் ஆரத் திருப்பத்தில் பன்னிரண்டு பதிமூன்று மீட்டருக்குள் முடிந்தாக வேண்டும். ஹேண்டிலைத் திருப்பியும் மூக்கு நேரே போய்த் திருப்பத்தின் வெளியோர மண்கரையில் (பெர்ம்) முட்டுகிறதே, அது இதனால்தான்.

அந்த வழுக்கலை ஓட்டுபவர் வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். நேர்கோட்டிலேயே பிரேக் முடியணும். உடம்பு உள்பக்கம் சாயணும், எடை மட்டும் வெளிப்பக்கக் கால்மிதியில் அழுந்தணும். அப்போது உள்பக்கப் பின்சக்கரம் எடை குறைந்து சுலபமாக வழுக்கும், வண்டி சுழலும். பைக் ஓட்டிப் பழகியவர்கள் உள்காலை நீட்டிவிடுவார்கள். குவாடில் அந்தக் காலைப் பின் டயர் இழுத்து அடியில் போட்டுக்கொள்ளும். கால் மிதியை விட்டு இறங்கவே கூடாது.

எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒய்எஃப்இசட்450ஆர் பெட்ரோல், ஆயிலோடு 184 கிலோ. 450 மோட்டோகிராஸ் பைக் 110 கிலோவுக்கு அக்கம்பக்கம். இன்ஜின் குடும்பம் ஒன்றுதான், சுமக்கும் பாரம் வேறு.

#3 உப்பளம்_ராக்கெட்

அப்போ குவாட் எதில்தான் ஜெயிக்கும்? 😄

#4 கெடிலம்கரை

ஸ்டார்ட்டில். 10 அங்குல அகலத்தில் இரண்டு டயர் மண்ணைப் பிடிப்பதால், பொலபொல மண்ணில் கேட் விழுந்ததும் பைக் பின்சக்கரம் புதையும் இடத்தில் இது கிளம்பிவிடும். மண் இளகிய ஏற்றத்திலும் அப்படியே. ஆனால் கலப்பு ஓட்டத்தில் முதல் திருப்பத்துக்கு 184 கிலோ வண்டி முன்னால் போய், பிறகு அங்கேயே வேகம் குறைந்தால் பின்னால் வரும் பைக்காரர் கதி என்ன? இரண்டையும் ஒரே நேரத்தில் தடத்தில் விடாதீர்கள். தனித்தனி நேரம் வையுங்கள்.

#5 ஸ்பேனர்_முத்தியால்பேட்டை

எந்த வண்டி என்ற கேள்விக்கு: தடத்துக்கு ஒய்எஃப்இசட். யோசிக்கவே வேண்டாம்.

ராப்டர் 700 நல்ல வண்டிதான். 686 சிசி, ஒற்றை கேம், கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை, ரிவர்ஸ் கியர் உண்டு. டக்கார் ராலியில் 2009 முதல் 2024 வரை குவாடுக்குத் தனிப் பிரிவு இருந்தபோது அதில் ராப்டரின் ராஜ்யம்தான் நடந்தது. அது நீள ஓட்டம், திறந்தவெளி. மோட்டோகிராஸ் தடத்தில் அதே வண்டி ஒடுக்கம், கம்பெனி அகலம் 46 அங்குலம்தான். ஒய்எஃப்இசட்450ஆர் கம்பெனியிலிருந்தே 48.8 அங்குலம். அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கத்தின் (ஏஎம்ஏ) குவாட் மோட்டோகிராஸில் உச்ச வரம்பு 50 அங்குலம், ஆகவே இது கிட்டத்தட்டப் பந்தய அகலத்திலேயே வருகிறது.

வேறு 450 கிடைத்தால் வாங்கலாமா என்று யாராவது கேட்பார்கள். சுசுகி எல்டி-ஆர்450 2006-இல் ஃபியூயல் இன்ஜெக்ஷனோடு வந்தது, தடத்துக்கென்றே செய்த வண்டி. ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர், கவாசாகி கேஎஃப்எக்ஸ்450ஆர் இரண்டும் நல்லவையே. மூன்றும் நின்றுபோய் வருஷம் பல ஆகிறது. ஹோண்டா நின்ற பிறகும் ஜோயல் ஹெட்ரிக் அதே வண்டியில் அமெரிக்கச் சாம்பியன் ஆனார், உண்மைதான். அவருக்குப் பின்னால் ஒரு டீம் நிற்கிறது. இங்கே ஒரு ஸ்டேட்டர் (மின்சாரம் தரும் சுருள்) போனால் பாகம் கிடைக்காமல் வண்டி ஆறு மாசம் ஷெட்டில் தூங்கும். ஜப்பான் 450-களில் இன்றும் தயாரிப்பில் இருப்பது யமஹா ஒன்றுதான்.

#6 உப்பளம்_ராக்கெட்

ஷாக் எல்லாம் அப்புறம். சைலன்சர், ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) ட்யூன், ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் பெட்டி) மூடி கழற்றல், இந்த மூணும் பண்ணினா வண்டி வேற லெவல். நேர்ப்பாதையில் பைக்கைத் தூக்கிடலாம்.

#7 கெடிலம்கரை

800 மீட்டர் தடத்தில் நேர்ப்பாதை எவ்வளவு நீளம் வந்துவிடப் போகிறது? 80 மீட்டர்? அதில் கிடைக்கும் லாபத்தை வூப்ஸில் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்பீர்கள். குவாடின் வீல்பேஸ் 50 அங்குலம்தான், 450 பைக்குக்கு 58 அளவில் இருக்கும். பைக்குக்கு வெட்டிய வூப்ஸ் இடைவெளியில் குவாடின் முன் அச்சு ஒரு பள்ளத்திலும் பின் அச்சு அடுத்த மேட்டிலும் மாட்டும். கூடுதல் பவர் அங்கே பின்பக்கத்தை இன்னும் உயரமாக உதைக்கும், அவ்வளவுதான்.

செலவு வரிசை என் கணக்கில்: கால் தடுப்போடு நெர்ஃப் பார் (முன், பின் சக்கரத்துக்கு நடுவே வரும் பக்கக் கம்பி), கையில் கட்டும் கில் ஸ்விட்ச் கயிறு (ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது). இவை இரண்டும் இல்லாமல் தடத்தில் இறக்கவே கூடாது. அடுத்தது டயரும் ரிம்மும். பிறகு ஷாக் ஸ்பிரிங்கை ஓட்டுபவர் எடைக்கு மாற்றுவது. அதற்குப் பின் முன் ஏ-ஆர்ம் (முன்சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கை), ஆக்சில், ஸ்டியரிங் டேம்பர் (ஹேண்டில் உதறலை அடக்குவது). இன்ஜின் கடைசி.

ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றுவது பற்றி ஒரு எச்சரிக்கை: வானூர்ச் செம்மண் தூள் முகப் பவுடர் மாதிரி. மூடி இல்லாமல் ஓட்டினால் நாலு மணி நேரத்தில் ஃபோம் ஃபில்டர் சிவந்துவிடும். தூள் உள்ளே போனால் முதலில் அடி வாங்குவது இன்டேக் வால்வு. டைட்டானியம் வால்வின் முகம் தேய்ந்து உள்ளே ஏறும், வால்வு இடைவெளி இறுகும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். பேட்டரி என்று நினைத்து பேட்டரியை மாற்றுவார்கள்.

#8 உப்பளம்_ராக்கெட்

சரி, சரி. மூடியை மாட்டிடறேன்.

#9 முந்திரிக்காடு

டயர் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், பாதிப் பிரச்சினை அங்கேதான் தீரும்.

கம்பெனி அளவு (விட்டம் x அகலம் - ரிம், அங்குலத்தில்) முன்னால் 21x7-10, பின்னால் 20x10-9. தடத்துக்கு முன்னால் 20x6-10, பின்னால் 18x10-8 போடுவது வழக்கம். பின் டயர் விட்டம் 2 அங்குலம் குறைவதால் வண்டி பின்னால் 1 அங்குலம் தாழும், சாய்ந்து கவிழும் பயம் குறையும். இரண்டு பின்விளைவு உண்டு. ஸ்பிராக்கெட்டும் (செயின் பல்சக்கரம்) பிரேக் டிஸ்க்கும் தரைக்கு 1 அங்குலம் நெருங்கிவிடும், ஆக்சிலுக்கு அடியில் ஸ்கிட் பிளேட் (அடித்தடுப்புத் தகடு) கட்டாயம். இரண்டாவது, கியர் 10 சதவீதம் குட்டையாகும் (இன்ஜின் ஒரு சுற்றுக்கு வண்டி அவ்வளவு குறைவாக நகரும்). முன்னால் 14, பின்னால் 38 பல் ஸ்பிராக்கெட்டில் வரும் வண்டிக்கு முன்பல்லை 15 ஆக்கினால் 7 சதவீதம் திரும்பக் கிடைக்கும். உங்கள் தடம் குட்டை, முதலில் 14-லேயே ஓட்டிப் பாருங்கள். டபுளுக்கு முன்னால் கியர் மாற்ற வேண்டி வந்தால் மட்டும் 15.

காற்று முன்னால் 7, பின்னால் 6 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர் இந்த அளவைச் சரியாகக் காட்டாது, 0 முதல் 15 வரை காட்டும் தாழ்வழுத்த கேஜ் தனியாக வாங்கணும். பிறகு தையற்காரர் டேப்பை எடுத்து இரண்டு பின் டயரின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். ஒரே தண்டில் இருக்கும் இரண்டு டயரில் ஒன்று பெரிதாக இருந்தால் வண்டி நேர்ப்பாதையிலேயே ஒரு பக்கம் இழுக்கும். அரை பிஎஸ்ஐ கூட்டிக் குறைத்து இரண்டையும் 5 மில்லிமீட்டருக்குள் கொண்டு வரணும். புது டயரிலேயே வித்தியாசம் இருக்கும், ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்தப் பக்கம் கருவேல முள் இருக்கிறது. பஞ்சர் ஜெல் ஊற்றினால் சக்கரம் கனக்கும், ஷாக் வேலை கெடும். பிளக் கிட்டும் கைப்பம்பும் வைத்துக்கொண்டு, தடத்தைச் சுற்றி முள்ளை வெட்டி எரிப்பதே மேல்.

#10 வானூர்_செம்மண்

நன்றிங்க. ஆக்சிலை மட்டும் அகலப்படுத்தினால் போதாதா? ஏ-ஆர்ம் விலை கையைக் கடிக்கிறது.

#11 கெடிலம்கரை

போதாது. மேலே போட்ட கணக்கையே திரும்பப் பாருங்கள். பின் அகலம் 1 மீட்டரிலிருந்து 1.1 ஆனால் வழுக்க வேண்டிய தூரம் 3.14-இலிருந்து 3.46 ஆகும். கவிழாது, ஆனால் மூக்கு இன்னும் நேராக ஓடும். முன்பக்கமும் சேர்ந்து விரிந்தால்தான் பலன்.

உங்கள் வண்டி ஏற்கெனவே 48.8 அங்குலம். 50-க்கு இன்னும் பாக்கி இருப்பது பக்கத்துக்கு அரை அங்குலச் சொச்சம். இப்போதைக்கு ஏ-ஆர்மைத் தொடவே வேண்டாம். ராப்டரைத் தடத்தில் ஓட்டியே தீர வேண்டும் என்றால்தான் அந்தச் செலவு. வீல் ஸ்பேசர் போட்டு அகலப்படுத்தும் குறுக்குவழி முன்னால் வேண்டாம். சக்கரம் அதைத் திருப்பும் மூட்டிலிருந்து (பால் ஜாயிண்ட்) விலகும், ஒவ்வொரு கல்லும் ஹேண்டில் வழியாக மணிக்கட்டில் அடிக்கும்.

#12 ஸ்பேனர்_முத்தியால்பேட்டை

செட்டிங் செய்யும் வரிசை. மாற்றிச் செய்தால் மறுபடியும் முதலிலிருந்து.

காற்றைச் சரிபார்த்த பிறகு, சமதரையில் (சிமெண்ட் களம் நல்லது) வண்டியை நிறுத்தி, ஓட்டுபவர் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி உட்காரணும். முன்னாலும் பின்னாலும் அமுக்கி விட்டு, ஃபிரேம் குழாய்க்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்கணும். ஷாக் தயாரிப்பாளர் சொன்ன எண்ணுக்குப் பிரிலோட் ரிங்கால் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கும் வளையம்) கொண்டு வாங்கள். பிரிலோடை முழுக்க இறுக்கியும் உயரம் வரவில்லை என்றால் ஸ்பிரிங்கே மெலிசு, ரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள்.

உயரம் முடிந்த பிறகுதான் டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியா வெளிநோக்கியா நிற்கின்றன என்பது). ஹேண்டிலை நேராகக் கட்டிவைத்து, முன் டயர் இரண்டிலும் நடுக்கோடு போடுங்கள். ஆக்சில் உயரத்தில் முன்பக்க இடைவெளி, பின்பக்க இடைவெளி இரண்டையும் அளந்தால் முன்பக்கம் 3 முதல் 6 மில்லிமீட்டர் குறைவாக வரணும். இரண்டு டை ராடையும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) சமமாகத் திருப்பணும். ஒரு முனை இடமரை, பலவந்தம் பண்ணி மரையைத் தின்றுவிடாதீர்கள். முன்பக்கம் விரிந்திருந்தால் வண்டி நேர்ப்பாதையில் பாம்பு மாதிரி நெளியும், டேம்பர் போட்டும் நிற்காது.

கடைசியாக கிளிக்கர் (ஷாக் அசையும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு). முதலில் முழுக்க மூடி, இப்போது எத்தனை கிளிக்கில் இருக்கிறது என்று எண்ணி ஷெட் சுவரில் எழுதி வையுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு கிளிக், ஒரே ஒரு திருகு. வூப்ஸில் பின்பக்கம் உதைத்துத் தூக்கினால் பின் ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்ப விரிவது) வேகம், இரண்டு கிளிக் மூடுங்கள். வூப்ஸ் போகப் போக வண்டி தாழ்ந்துகொண்டே போனால் ரீபவுண்ட் மந்தம், திறங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எதிர்த்திசையில் திருகுபவர்கள் ஏராளம்.

#13 பாகூர்_ஏரிக்கரை

தாவலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

பைக் காற்றில் சாய்ந்தால் உடம்பால் ஓரளவு திருப்பலாம். குவாட் பக்கவாட்டில் சாய்ந்து கிளம்பினால் காற்றில் ஒன்றும் செய்ய முடியாது, சாய்ந்தபடியேதான் இறங்கும். மூக்கு மேல் கீழ் மட்டும் நம் கையில். கட்டைவிரல் திராட்டிலை அழுத்தினால் மூக்கு எழும், பின் பிரேக்கைத் தொட்டால் மூக்கு இறங்கும்.

எனவே ஏறும் முகம் முழு அகலத்துக்கும் சமமாக இருக்கணும். பைக் ஓடிய தடத்தில் ஏற்றத்தின் நடுவே ஒரு முழ ஆழத்துக்குக் கோடு விழுந்திருக்கும். பைக்காரருக்கு அது தண்டவாளம். குவாடுக்கு ஒரு பக்கச் சக்கரம் அதில் விழுந்து மறுபக்கம் மேட்டில் ஏறினால் நேரே பல்டி. குவாட் நேரத்துக்கு முன் டிராக்டரில் பிளேடு போட்டு முகத்தைச் சீவிவிட வேண்டும். குவாட் ஓடி முடித்ததும் பெர்ம் தட்டையாகிவிட்டது என்று பைக்காரர்கள் புலம்புவார்கள், அதுவும் நியாயம்தான். பைக் முதலில், பிறகு பிளேடு, பிறகு குவாட்.

டபுளைக் கொஞ்ச நாள் மண் போட்டு டேபிள்டாப்பாக மாற்றிவிடுங்கள். குறைத் தாவலில் பைக் பின்சக்கரத்தோடு தப்பிக்கும். குவாடில் இரண்டாவது மேட்டின் விளிம்பில் ஆக்சில் நடுவோ ஃபிரேம் அடியோ இடிக்கும். ஆக்சில் வளைந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டாண்டில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றி, ரிம் ஓரத்தில் ஒரு குச்சியை வைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும்.

4 மீட்டர் இடங்களை விரியுங்கள். இரண்டு குவாட் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே இரண்டரை மீட்டர். ஒன்றின் முன் டயர் மற்றதன் பின் டயரில் உரசினால் ஏணி மாதிரி ஏறிவிடும், பின்னால் வந்தவர் தூக்கி எறியப்படுவார். 6 மீட்டருக்குக் கீழே முந்தல் கூடாது என்று விதி வையுங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் கொடியோடு ஒரு ஆள். மேட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும் வண்டி ஏறி வருபவருக்குத் தெரியாது.

#14 பண்ருட்டி_பலா

குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். சின்ன யானையில் ஏறுமா இந்த வண்டி?

#15 ஸ்பேனர்_முத்தியால்பேட்டை

ஏறும். வண்டி நீளம் ஆறடி, அகலம் நாலடிச் சொச்சம். பெல்ட்டை ஹேண்டிலில் கட்டாதீர்கள். முன்னால் கீழ் ஏ-ஆர்மிலும் பின்னால் ஆக்சிலிலும் இழுத்துக் கட்டி, கியரில் போட்டு, பார்க்கிங் பிரேக்கையும் போடுங்கள். ஷாக்கை முழுக்க அமுக்கிக் கட்ட வேண்டிய அவசியமில்லை, சீல்தான் கெடும்.

#16 தேவனாம்பட்டினம்_காத்து

கடலோரம் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் பழகும் யோசனை வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடும் மணல் அது. வண்டிக்கும் கேடு: ஒய்எஃப்இசட்450ஆர் ஃபிரேம் அலுமினியமும் இரும்பும் கலந்தது, இரண்டும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் போல்ட் வெள்ளைப் பொடி பூத்து இறுகும், கழற்றும்போது தலை முறியும். போல்ட் மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி மாட்டுங்கள். லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட வேண்டிய இடத்தில் மட்டும் அதைத் தடவக் கூடாது.

ஸ்விங்ஆர்ம், லிங்கேஜ் ஊசிப் பேரிங்குக்கு 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை நீர் தாங்கும் கிரீஸ். பிரஷர் வாஷர் முனையை பேரிங் சீலுக்கு நேரே பிடிப்பதை நிறுத்தினாலே பேரிங் ஆயுள் இரட்டிக்கும். கழுவியதும் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, செயினுக்கு உயவு ஸ்பிரே அடித்து நிறுத்துங்கள். செயினை மண்ணெண்ணெயில் சுத்தம் செய்யலாம், பெட்ரோல் ஓ-ரிங்கை உலர்த்திவிடும். ஃபில்டருக்கும் பெட்ரோல் ஆகாது, ஃபோம் ஒட்டிய பசை கரையும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் செம்மண் சேறு ஃபெண்டருக்கு அடியில் அப்பி, வண்டி எடையைத் தாறுமாறாகக் கூட்டும். ஸ்கிட் பிளேட்டுக்கு மேலே இருக்கும் இடுக்குகளில் ஸ்பாஞ்ச் அடைத்து வையுங்கள். ரேடியேட்டர் துடுப்பில் சேறு காய்ந்தால் கத்திரி வெயிலைவிட மோசம், தண்ணி கொதித்துவிடும். மழை விட்ட இரண்டாம் நாள் ஓட்டுவது நல்லது, மண் கேக் மாதிரி இருக்கும். கோடையில் கல்டிவேட்டரால் ஒரு சாண் கிளறி, முந்தின நாள் சாயங்காலம் டேங்கர் தண்ணி விடுங்கள். காலையில் விட்டால் மேலே வழுக்கும், கீழே புழுதி.

பெட்ரோல்: அந்த இன்ஜினுக்குக் கம்பெனி எத்தனால் கலப்பை 10 சதவீதம் வரைதான் ஒத்துக்கொள்கிறது. இ20 போட்டுவிட்டு மாதக் கணக்கில் நிறுத்திவைக்காதீர்கள். இந்த ஊர் ஈரக் காற்றில் எத்தனால் தண்ணியை உறிஞ்சி டேங்க் அடியில் பிரிந்து நிற்கும். நிறுத்தும் முன் டேங்கை வடித்துவிடுங்கள்.

#17 வானூர்_செம்மண்

ஆயில் விஷயத்தில் ஒரு சந்தேகம். ராத்திரி நிறுத்தின வண்டியில் காலையில் பார்த்தால் ஆயில் அளவு கீழே இருக்கிறது. லீக் எதுவும் இல்லை.

#18 ஸ்பேனர்_முத்தியால்பேட்டை

ஊற்றாதீங்க! அது டிரை சம்ப். ஆயில் தனி டேங்கில் இருக்கும், நிறுத்திவைத்தால் மெல்ல கிராங்க் கேஸுக்கு இறங்கும். இன்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, நிறுத்தி, சமதரையில் வைத்துப் பார்த்தால்தான் உண்மையான அளவு. குளிர்ந்திருக்கும்போது பார்த்து ஊற்றினால் அதிகமாகி, மூச்சுக் குழாய் வழியாக ஏர்பாக்ஸில் ஆயில் வழியும். கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது, ஜேசோ எம்ஏ (ஆயிலில் ஓடும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரம்) முத்திரை உள்ள 10டபிள்யூ-40 போடுங்கள். கார் ஆயில் ஊற்றினால் ஸ்டார்ட்டிலேயே கிளட்ச் வழுக்கும்.

#19 வானூர்_செம்மண்

புரிந்தது. டபுளை மூட ஜேசிபி சொல்லியாச்சு, 4 மீட்டர் இடங்களையும் அதிலேயே விரித்துவிடுவோம். ராப்டரைத் தடத்தில் விடுவதாக இல்லை. 18 அங்குல டயரும் நெர்ஃப் பாரும் வந்ததும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

#20 முந்திரிக்காடு

ஓட்டும் முன் ஒன்று. பின் ஆக்சில் நட்டுகளைக் கழற்றி, மரையைத் துடைத்து, லாக்டைட் போட்டு மேனுவல் சொன்ன டார்க்கில் இறுக்குங்கள். 450-களில் அது தளர்வது தெரிந்த நோய். தளர்ந்தபடி ஓடினால் ஆக்சில் மரையும் ஹப் பல்லும் சேர்ந்து போகும், இரண்டும் விலை அதிகம். முதல் அரை மணி ஓட்டம் முடிந்ததும் நட்டில் போட்ட பெயிண்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடவே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பால் ஜாயிண்ட், பக்கவாட்டில் ஆட்டினால் டை ராட். டக் என்று கேட்டால் அன்றைக்கு ஓட்டம் அவ்வளவுதான்.